நெய்வேலித் தரவும் சிதம்பரத்து வகுப்பறையும்: மின் பொறியியல் கல்வி வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இன்று அஜந்தா சுப்பிரமணியனின் ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலைக் கடந்துதான் போகவேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2019இல் வெளியிட்ட அந்நூலின் வாதம் வலுவானது. காலனிய ஆட்சியில் தொழில்நுட்ப அறிவு கைவினைஞரின் பட்டறையை விட்டு வகுப்பறைக்குள் நுழைந்தது. நுழைந்தபோதே இரண்டாகப் பிளந்தது. கோட்பாடு மேலே, கைவேலை கீழே. மேலடுக்கு சென்னை மாகாணத்தில் பெரும்பாலும் பிராமணர் வசமாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஐஐடி அந்த அடுக்கைக் கலைக்கவில்லை. நுழைவுத் தேர்வின் வழியே அதற்குத் ‘தகுதி’ என்று புதுப் பெயர் சூட்டியது. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் பலனைத் துய்க்க வழி பிறந்தது.

இந்த வாதத்தின் மையத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை அது நடந்துபோகும் பாதையோடு. நூலின் பாதை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொடங்கி ஐஐடியில் முடிகிறது. இரண்டும் சென்னையில் ஒரே சாலையில் இருக்கும் வளாகங்கள். இந்தக் குறுகிய தூரத்துக்குள் ஒரு மாநிலத்தின் பொறியியல் கல்வி வரலாறு அடங்கிவிடுமா? நூலாசிரியர் அப்படி அடக்கியதாக எங்கும் சொல்லவில்லை. ஐஐடியை எழுதுவதே அவர் நோக்கம். ஆனால் அவருக்குப் பின் எழுதுவோர் அந்தப் பாதையையே முழு வரைபடமாக எடுத்துக்கொள்கிறார்கள். கருத்தரங்குகளில் ‘கிண்டி முதல் ஐஐடி வரை’ என்பது ஏறக்குறைய ஒரு காலப்பகுப்பாகவே ஆகிவிட்டது. வகுப்பறை வென்றது, பட்டறை தோற்றது என்ற முடிவும் அந்தக் காலப்பகுப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

எல்லாப் பொறியியல் துறைகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. மின் பொறியியலுக்கு, அதிலும் மின் உற்பத்தி, கடத்தல் என்ற பகுதிக்கு, அறவே பொருந்தாது என்பது என் துணிபு. கட்டடம் கட்டுபவர் சென்னையில் படித்துவிட்டு எங்கும் போய்க் கட்டலாம். அனல் மின் நிலையமோ எரிபொருளின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் சார்ந்தே நிற்கும். அதுவும் பாதிக்குப் பாதி நீர் கொண்ட பழுப்பு நிலக்கரி எரிபொருளாக இருந்தால் சுரங்கத்தின் விளிம்பை விட்டு நகரவே நகராது. ஆகவே மின் பொறியியல் கல்விக்கும் மின் தொழிலுக்கும் இடையிலான உறவைத் தேட வேண்டிய இடம் தென்னார்க்காடு; குறிப்பாக அதன் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதி. சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம். அங்கே 1945 முதல் பொறியியல் கல்வி. அதிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், நெய்வேலியில், 1962 முதல் ஒரு பெரும் மின் நிலையம். இந்தியாவில் இத்தனை நெருக்கத்தில் இவ்விரண்டும் அமைந்த இடங்கள் அதிகமில்லை. 1962இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரில் கல்வி ஓர் அதிகாரம், தொழில்கள் வேறோர் அதிகாரம்; அதற்குப் பிந்திய எழுத்துகளும் அந்தப் பிரிவினையை அப்படியே சுமந்து வந்திருக்கின்றன.

நெருக்கம் இருந்ததால் கூட்டுறவும் இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். அது இன்னொரு வகைப் பிழை. ரயில் பாதையைப் பார்த்தாலே தெரியும். சிதம்பரம் விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடத்தில் இருக்கிறது. நெய்வேலி கடலூர்–விருத்தாசலம் தடத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கடலூர் முதுநகரில் வண்டி மாற வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் நிலையத்துக்கும் இடையே நடந்த அறிவுப் போக்குவரத்தும் இப்படி வேறொரு சந்திப்பு வழியாகத்தான் நடந்தது என்பதை இனிக் காட்ட முயல்கிறேன்.

நிலையத்துக்கு முந்திய மின்சாரம்

ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் முதலில் ஒரு முரண் தெரிகிறது. அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929இல் பல்கலைக்கழகமாயிற்று. ரத்னசாமி துணைவேந்தராக இருந்த காலத்தில், போர் முடியும் தறுவாயில், பொறியியல் படிப்புகள் வந்தன. அதே 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி ஜி.டி. நாயுடுவின் இடத்தில் தொடங்கியது. அங்கே ஒரு தொழிலதிபர் கல்லூரியை வீட்டுக்குள் அழைத்துவந்தார். படிப்பின் காலத்தைக் குறைக்கவேண்டும் என்று அரசோடு மோதிவிட்டு வெளியேறவும் செய்தார். சிதம்பரத்தில் அப்படி அழைக்கவோ மோதவோ ஒரு மின் தொழில் இருந்ததா?

இருந்தது, ஆனால் உற்பத்தி இல்லை. பைக்காரா 1932–33இல் ஓடத் தொடங்கியது, மேட்டூர் 1937இல். மேட்டூர் மின்சாரம் தென்னார்க்காட்டை எட்டியது. அதை ஊருக்குள் பகிர்ந்தளிக்கத் தனியார் உரிமதாரர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒன்று தென்னார்க்காடு மின் விநியோகக் கம்பெனி. இந்தக் கம்பெனியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் முக்கியமானது ஒரு வழக்கு. 1954ஆம் ஆண்டின் சென்னை மின் வழங்கல் நிறுவனங்கள் கையகப்படுத்தல் சட்டத்தின்படி அரசு அதை 1957இல் எடுத்துக்கொண்டது. கம்பெனியில் வேலை பார்த்தோர் அரசுப் பணிக்கு மாறினார்கள். மாறியதும், தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய் 1969இல் தீர்ப்பான வழக்கு அது.

தொழிலாளர் சட்ட மாணவர்கள் இதை நன்கு அறிவர். கல்வி வரலாற்றுச் சான்றாக யாரும் இதை எடுத்தாண்டு நான் பார்க்கவில்லை. தீர்ப்பின் முடிவு எனக்கு இங்கே முக்கியமன்று. எழுப்பப்பட்ட கேள்விதான் முக்கியம். பழைய முதலாளியிடம் செய்த பணிக்காலம் புதிய முதலாளியிடம் தொடருமா, அறுபடுமா என்பதே 25எஃப்எஃப் கேட்கும் கேள்வி. அதாவது 1957இல் ஒரு லைன்மேன், ஒரு வயர்மேன், ஒரு மீட்டர் ரீடர் தன் அனுபவத்தை எண்ணி அளந்து, சட்டத்தின் முன் சொத்தாக வைத்தார். அந்த அனுபவம் எந்தக் கல்லூரியிலும் பெற்றதன்று. கம்பத்தின் மேல் பெற்றது. சிதம்பரத்தில் மின் பொறியியல் துறை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மாவட்டத்தின் மின் அறிவு இந்த விநியோகக் கம்பெனிகளில்தான் இருந்தது என்று நான் வாதிடுவேன். ஒரே ஒரு வழக்கை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இதற்கு எதிரான சான்று, அதாவது கல்லூரியில் படித்தவர்கள்தான் மாவட்டத்தின் மின் கம்பிகளை ஓட்டினார்கள் என்பதற்கான சான்று, இதைவிட மெலிந்தது. மின் பொறியாளர்களைப் பெருமளவில் எடுத்தது சென்னை மாகாண மின்துறை. 1957 ஜூலை 1 முதல் மின்வாரியம். அவர்கள் மாகாணம் முழுவதற்கும் போனார்கள். தென்னார்க்காட்டுக்கென்று ஒரு மின் பொறியாளர் மரபு அப்போது உருவாகவில்லை.

அதே ஆண்டில்தான், மே 20 அன்று, நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கம்பெனி போனதும் வாரியம் வந்ததும் சுரங்கம் திறந்ததும் ஒரே கோடையில். இதைத் தற்செயல் என்று விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டமும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் சேர்ந்து தள்ளிய தள்ளல் அது.

நிலையமும் அதன் பள்ளிக்கூடமும்

நெய்வேலியின் கதை தமிழ் வாசகருக்குத் தெரிந்தது. ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்ட ஆண்டை 1934 என்றும் 1935 என்றும் நூல்கள் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. அந்தத் தகராறை இங்கே தீர்க்கப்போவதில்லை. நம் பொருளுக்கு வேண்டியது 1957 நவம்பர். சோவியத் ஒன்றியம் அப்போது தந்த 50 கோடி ரூபிள் கடனில் நெய்வேலி மின் நிலையமும் அடங்கியது. முதற்கட்டம் 50 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 250 மெகாவாட். 1962 மே மாதம் முதல் அலகு ஓடியது. பின்னர் இன்னொரு 50 மெகாவாட் அலகும் மூன்று 100 மெகாவாட் அலகுகளும் சேர்ந்து 1970இல் 600 மெகாவாட் ஆயிற்று.

கூட்டுறவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்றே தோன்றும். பழுப்பு நிலக்கரி பாடப்புத்தக நிலக்கரி அன்று. கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம்தான். பாதி எடை நீர். உலையிலிருந்தே சூடான புகைவாயுவை அரவை ஆலைக்கு இழுத்து, அரைக்கும்போதே உலர்த்தி ஊதும் கொதிகலன் அதற்கு வேண்டும். உலை பெரிதாகும், சாம்பல் படியும் விதம் மாறும், சுமையைக் கூட்டிக் குறைக்கும் வேகமும் மாறும். பிரிட்டிஷ் பாடநூலை வைத்துப் பாடம் நடத்திய கல்லூரிக்கு இது புதிய உலகம். பக்கத்து ஊரில் ஆய்வுக்கூடம் தானாக வந்து இறங்கியது போல.

ஆனால் நிலையம் தன் ஆட்களைத் தயாரிக்கப் பல்கலைக்கழகத்தை நாடவில்லை. 1965இல் நெய்வேலியிலேயே அனல் மின் நிலையப் பணியாளர் பயிற்சி நிறுவனம் வந்தது. இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி அது. பிறகு துர்காபூரிலும் நாக்பூரிலும் பதர்பூரிலும் கிளைகள் தோன்றின. 1980இல் அவை மின் பொறியாளர் பயிற்சிச் சங்கத்தின் கீழ் வந்தன. 1993இல் அதற்குத் தேசிய மின் பயிற்சி நிறுவனம் என்ற பெயர் வந்தது. பட்டம் வாங்கியவர் இங்கே மீண்டும் மாணவராக உட்கார்ந்தார். நான் மேலே சொன்ன முதுநகர் சந்திப்பு இதுதான். சிதம்பரத்து வகுப்பறையும் நெய்வேலிக் கட்டுப்பாட்டு அறையும் நேரே சந்திக்கவில்லை. நடுவே மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

இந்த ஏற்பாடு சட்டமாகவும் உறைந்தது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 3(2ஏ) விதியைப் பாருங்கள். 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட மின் நிலையத்தையோ அதைச் சார்ந்த துணைநிலையத்தையோ இயக்கவும் பராமரிக்கவும், தக்க கல்வித் தகுதியோடு பிற்சேர்க்கையில் சொன்ன பயிற்சியையும் முடித்தவருக்கே அதிகாரம் என்றது அது. 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இந்தக் கருத்தைக் கைவிடவில்லை. பட்டம் தேவை, பட்டம் போதாது. ‘வகுப்பறை வென்றது’ என்ற வாய்பாட்டுக்கு நான் வைக்கும் முதல் எதிர்ச்சான்று இந்த விதி. மின் துறையில் கோட்பாடு படித்தவரைச் சட்டமே பிடித்துக் கொண்டுபோய் வால்வுக்கும் மீட்டருக்கும் முன்னால் நிறுத்தியது.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தையும் இங்கே சேர்க்கலாம். 1973இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. உதவித்தொகையில் பாதியை நிறுவனத்துக்கு மத்திய அரசு திருப்பித் தந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகரிலிருந்து நெய்வேலிக்குப் போன பட்டதாரிகளுக்கு இது ஒரு கதவு. ஓராண்டுக் கதவு, ஆண்டு முடிந்தால் மூடிக்கொள்ளும். வேலை தரவேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லை. கூட்டுறவு என்ற சொல்லுக்கு இது தகுமா என்பது ஐயமே.

திருச்சியை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே மண்டலப் பொறியியல் கல்லூரி 1964இல், பெல் கொதிகலன் ஆலை 1965இல். ஏறக்குறைய ஒரே கையால், ஒரே திட்டத்தில் இட்ட இரட்டை. சிதம்பரமும் நெய்வேலியும் அப்படியன்று. ஒன்று செட்டிநாட்டு வங்கிப் பணத்தின் கொடை. மற்றது மத்திய அரசின் நிறுவனம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் தமிழக அரசின் நேரடிப் பொறுப்புக்குப் போனபோதும் இந்த இரட்டைத் தன்மை மாறவில்லை. ஒரு முனையில் மாநிலம், மறுமுனையில் மத்திய அரசு.

802.40 டாலர்

இனி ஆய்வு. மின் பொறியியல் ஆய்வுக்கு, மின் அமைப்பு ஆய்வுக்குக் குறிப்பாக, தொழிலிடமிருந்து முதலில் வேண்டியது பணமோ கட்டடமோ அன்று. தரவு. எந்த நிலையம் எந்தக் கம்பியால் எந்த ஊரோடு இணைந்திருக்கிறது, அந்தக் கம்பியின் மின்தடை என்ன, எந்த ஊரில் எவ்வளவு சுமை என்ற பட்டியல். இது இல்லாமல் சிக்கன மின்பகிர்வு, சுமையோட்டம், மின்னழுத்த நிலைப்பு எதையும் கணக்கிட முடியாது.

உலகெங்கும் இதற்குப் பயன்படும் பட்டியல்களுள் புகழ்பெற்றது ஐஇஇஇ 30 பஸ் மாதிரி; ‘பஸ்’ என்பது வலையமைப்பின் ஒரு கணு. தமிழ்நாட்டில் கணினி பரவிய பிறகு மின் அமைப்பில் எம்.இ., முனைவர் பட்டம் செய்தவர்களில் இதைத் தொடாதவர் அரிது, சிதம்பரமும் விலக்கன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கும் அதன் கோப்பைத் திறந்து பார்த்தேன். தலைவரியில் 1961, குளிர்காலம் என்ற குறிப்பு. அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் நிறுவன வலையமைப்பின் ஒரு பகுதி, 1961 டிசம்பர் நிலவரம், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி என்கிறது காப்பகக் குறிப்பு. ஆனால் கோப்புக்குள் பஸ்களுக்கு ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. முதல் பஸ் கிளென் லின். இரண்டாவது கிளேட்டர். பிறகு ஹான்காக், ஃபீல்டேல், ரோனோக், ரூசன்ஸ். ரோனோக் வர்ஜீனியா மாநிலத்து நகரம். கிளென் லின்னும் வர்ஜீனியாதான். வர்ஜீனியா மத்திய மேற்கு அன்று. காப்பகக் குறிப்பு நிறுவனத்தின் பெரும்பரப்பைச் சொல்கிறது, கோப்பு அதன் ஒரு மூலையைச் சொல்கிறது என்று இரண்டையும் சமாதானப்படுத்தலாம். எனினும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மத்திய மேற்கு என்றே படியெடுத்து வந்திருப்பது, யாரும் பஸ் பெயர்களைப் படிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. பஸ்ஸுக்கு எண் போதும்; ஊர் எதற்கு?

பாடபேதமும் உண்டு. மூலக் கோப்பில் மின் உற்பத்தி இரண்டே இடங்களில்: கிளென் லின் 260.2 மெகாவாட், கிளேட்டர் 40. ஃபீல்டேல், ரூசன்ஸ், ரோனோக், ஹான்காக் ஆகியவற்றில் இருப்பவை மின்னழுத்தத்தைத் தாங்கும் சிங்க்ரனஸ் கண்டென்சர்கள். மின்சாரம் தருபவை அல்ல. 1974இல் ஆல்சாக், ஸ்டாட் என்ற இருவர் தம் கட்டுரைக்காக இந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். நான்கு கண்டென்சர்களும் ஜெனரேட்டர்களாயின. ஆறு ஜெனரேட்டர்களுக்கும் எரிபொருள் செலவுக் கெழுக்கள் வந்தன. மொத்தச் சுமை 283.4 மெகாவாட்டாகவே இருந்தது. குறைந்தபட்சச் செலவு மணிக்கு 802.40 டாலர் என்று அவர்கள் கண்டார்கள். உத்தமச் செலவு தேடும் ஆய்வுகளில் நிலைத்தது இந்த இரண்டாம் பாடம். மரபணு வழிமுறை, எறும்புக் கூட்ட வழிமுறை, துகள் திரள் வழிமுறை என்று ஒவ்வொன்றாக வந்து 802இன் தசமத்தைக் குறைத்துக் காட்டி வெளியிடப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. வர்ஜீனியாவில் இல்லாத ஜெனரேட்டர், யாரும் செலவழிக்காத டாலர்.

இங்கே காலத்தைக் கவனிக்கவேண்டும். 30 பஸ் 1961 டிசம்பர். அதன் தம்பியான 14 பஸ் 1962 பிப்ரவரி. மொத்தச் சுமை 259 மெகாவாட். நெய்வேலியின் முதல் அலகு 1962 மே. முதற்கட்டத் திறன் 250 மெகாவாட். அளவும் ஒன்று, காலமும் ஒன்று. அமெரிக்க நிறுவனம் தன் வலையமைப்பின் ஒரு துண்டை ஆய்வாளர் கையில் கொடுத்தது. அந்தத் துண்டு ஆறு தசாப்தங்களாக உலகத்து மாணவர்களைப் பயிற்றுகிறது. அதே காலத்தில், அதே அளவில், சிதம்பரத்துக்கு மிக அருகில் ஒரு வலையமைப்பு உருவானது. அது மாணவர் கைக்கு மாதிரியாக வரவில்லை. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய மின் அமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற கூட்டமைப்புகளில் மின் நிறுவனங்கள் உறுப்பினர் கட்டணம் கட்டி, பேராசிரியர்களோடு உட்கார்ந்து ஆய்வுப் பொருளைத் தேர்கின்றன. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவை செய்த முதல் உதவி அந்தப் பட்டியலைக் கொடுத்ததுதான் என்று நான் கருதுகிறேன்.

தரவு இல்லாததன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சுமை–அலைவெண் கட்டுப்பாடு எம்.இ. பாடத்தில் தவறாது வருவது. அதன் மாதிரியில் ஒவ்வொரு டர்பைனுக்கும் ஒரு கவர்னர் இருக்கும். அலைவெண் சற்றே விழுந்தால் அது நீராவியைக் கூட்டும். 1990களின் தென்மண்டலத்தில் அலைவெண் 50க்குப் பதில் 48.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்க் கிடந்தது. நிலையங்களில் கவர்னரைக் கட்டிப்போட்டே ஓட்டினார்கள். 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் இருப்புநிலை சார்ந்த கட்டணமுறை வந்த பிறகே இது மாறத் தொடங்கியது. வகுப்பறையில் ஓடிய கவர்னர் கட்டுப்பாட்டு அறையில் ஓடவில்லை. நிலையத்து ஷிப்ட் பொறியாளர் ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

நெய்வேலித் தரவு அச்சேறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கேதான் என் வாதத்துக்கே ஒரு சிக்கல். 2004 பிப்ரவரியில் ஐஇஇஇ மின் அமைப்பு இதழில் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அலகுத் தேர்வுச் சிக்கலுக்கு ஒரு புதிய வழிமுறையை வெளியிட்டார்கள். அதைச் சோதித்த இடங்களுள் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையம் ஒன்று. 210 மெகாவாட் அலகுகள் ஏழு. ஆக, நெய்வேலி உலக இதழில் நுழைந்தது சிதம்பரம் வழியாக அன்று, கிண்டி வழியாக. சுப்பிரமணியனின் பாதையை மறுக்க வந்த எனக்கு இது கசப்பான சான்றுதான். ஒளிக்க விரும்பவில்லை.

எனினும் ஒரு குறிப்பு சொல்லவேண்டும். அலகுத் தேர்வு என்பது எந்த அலகை எப்போது நிறுத்தி எப்போது ஓட்டுவது என்ற சிக்கல். சுரங்க வாயிலில் நிற்கும் நெய்வேலி போன்ற நிலையம் அடிப்படைச் சுமைக்கு இடையறாது ஓடுவது; நாள்தோறும் அலகை நிறுத்திக் கிளப்புவது அங்கே வழக்கமன்று. அன்றாட அட்டவணையோ பெங்களூரிலுள்ள மண்டலச் சுமை அனுப்பு மையத்தோடு ஒட்டியது. கணிதமாகக் கட்டுரை சரியானது. ஆனால் நெய்வேலி அங்கே எண்களைத் தந்ததே தவிர, கேள்வியைத் தரவில்லை. கேள்வி வெளியிலிருந்து வந்தது. தொழிலின் கேள்வி ஆய்வுக்குள் நுழைவதே கூட்டுறவு என்றால், எண்கள் மட்டும் நுழைந்ததை அதன் பாதி என்றுதான் சொல்லவேண்டும்.

கம்பி போன இடம்

சிதம்பரத்துக்கு நெய்வேலி வலையமைப்பு ஏன் மாதிரியாக வரவில்லை? ஆசிரியர்களின் சோம்பல் என்பது மலிவான விடை. நிறுவனத்தின் மறைப்பு என்பதும் அப்படியே. 1994ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் ஒன்று இதற்கு ஓரளவு விடை தருகிறது என்று நினைக்கிறேன்: நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் மின் கடத்தல் அமைப்பைக் கையகப்படுத்தி மாற்றும் சட்டம். இதன்மூலம் நிலையத்திலிருந்து புறப்படும் பெருங்கம்பிகள் பவர் கிரிட் நிறுவனத்துக்குப் போயின. அதற்குப் பின் நெய்வேலியில் நிலையம் இருந்தது, வலை இல்லை. வலையின் தரவு வேண்டுமென்றால் பெங்களூருக்கோ தில்லிக்கோ எழுதவேண்டும். நாற்பது கிலோமீட்டர் நெருக்கம் ஆய்வைப் பொறுத்தவரை ஒரே சட்டத்தில் பொருளற்றுப் போனது. சரியாக 1990களில்தான் கல்லூரிகளுக்குக் கணினி வந்தது, ஆய்வு பெருகியது. நேரம் தவறிவிட்டது. இது ஊகம்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நிலையத்தின் உள்ளே நடப்பவை, சாம்பல், கொதிகலன், பழுப்பு நிலக்கரியின் வேதியியல், இவற்றில் நெய்வேலியின் பயன்பாட்டு ஆய்வு மையமும் பல்கலைக்கழகங்களும் கைகோப்பது எளிதாக இருந்ததற்கும் இதே காரணம் சொல்லலாம். சாம்பலை எந்தச் சட்டமும் தில்லிக்குக் கொண்டுபோகவில்லை.

இரண்டாவது அறுப்பு ஆள்தேர்வில் நடந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் ‘கேட்’ எனும் தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பொறியாளர்களை எடுக்கத் தொடங்கியபின் நெய்வேலியும் அதில் சேர்ந்தது. 2022இல் 299 பட்டதாரி நிர்வாகப் பயிற்சியாளர் பணியிடங்களுக்கான பட்டியலில் தமிழர் ஏறக்குறைய இல்லை என்று எழுந்த கண்டனம் நினைவிருக்கும். நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் அண்ணாமலைநகரில் மின் பொறியியல் படித்து, தம் நிலத்தின் மேல் நிற்கும் நிலையத்துக்குள் தேசியத் தேர்வின் வழியேதான் நுழைய முடியும். இந்த இடத்தில் சுப்பிரமணியன் சொல்வது முற்றிலும் சரி. தேர்வு இடத்தை அழிக்கிறது. யார் எங்கிருந்து வந்தார், எதை இழந்தார் என்பதைக் கேட்காமலிருப்பதையே அது தன் நேர்மையாகக் காட்டுகிறது. அவர் வாதத்தை நான் ஏற்கத் தயங்குவது 1945க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டுமே. அதற்குப் பிந்தைய காலத்துக்கு அவரை மறுக்க என்னிடம் சான்றில்லை.

புதிய நிலையங்களும் இந்தக் கோலத்தை மாற்றவில்லை. பரங்கிப்பேட்டையை அடுத்து 2015–16இல் ஓடத் தொடங்கிய 1,200 மெகாவாட் தனியார் நிலையம் நெய்வேலியைவிடச் சிதம்பரத்துக்கு நெருக்கம். அதே பரங்கிப்பேட்டையில்தான் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல தசாப்தங்களாக இருக்கிறது. குளிர்விக்கும் நீரைப் பற்றிப் பேச அங்கே ஆள் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுபவர் இந்தப் பக்கம் அண்ணாமலைநகரில்.

கடைசியாக ஒரு தேதிச் சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து வந்த சில கட்டுரைகளில் ‘நெய்வேலி 23 பஸ்’ என்ற மாதிரி தலைகாட்டுகிறது. வர்ஜீனியாவுக்கு மாற்றாக நம் ஊர்ப் பட்டியல் ஒன்று கடைசியில் கிடைத்ததே என்று மகிழலாம். ஆனால் 30 பஸ்ஸுக்கு 1961 டிசம்பர் என்பதுபோல இதற்கும் ஒரு நாள் நிறுவப்படவேண்டும். இரண்டாம் நிலையத்தின் முதல் அலகு 1986இல் வந்தது, ஏழாவது 1993இல். முதல் நிலையத்தின் விரிவாக்கம் 2002–03இல். பழைய முதல் நிலையம் 2020இல் நின்றுபோனது. 400 கிலோவோல்ட் கம்பி பட்டியலில் இருந்தால் அது இரண்டாம் நிலையத்துக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. விரிவாக்க அலகுகள் தனி பஸ்ஸில் காணப்பட்டால் 2002க்கு இப்பால். 23 பஸ்களின் மின்னழுத்த நிலைகளையும் மின்மாற்றிகளையும் இந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு முதுகலை மாணவருக்கு ஒரு பருவத்து வேலை. அது முடியும்வரை ‘நெய்வேலித் தரவில் சோதித்தோம்’ என்ற வரியை அதன் முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.